கைதி இலக்கம் 9653

கடந்த வருடம் ஒருநாள் பின்னேரம் எங்கள் பகுதிக் கிராம உத்தியோகத்தர் வாக்காளர் இடாப்புக்கான படிவத்தை வீட்டில் தந்துவிட்டுப் போனார். வாப்பா அதை மேசையில் விரித்து வைத்து ஒவ்வொரு பெயராக நிரப்பினார். உம்மும்மா, வாப்பா, உம்மா, நாநா என்று நான்கு பெயர்கள். என் பெயர் இல்லை. எனக்கு இன்னும் பதினெட்டு வயது ஆகவில்லை. அடுத்த படிவத்தில் உன் பெயரும் வரும் மகள் என்று சொன்ன வாப்பா, கூடவே ஓர் அறிவுரையும் சொன்னார். வெல்லக்கூடியவருக்குத்தான் வாக்களிக்க வேண்டுமாம். தோற்கப்போகிறவருக்குப் போடுகிற வாக்கு தண்ணீரில் எழுதிய எழுத்தாம். நாநா அதை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் இராச் சாப்பாடு வரைக்கும் வாதாடினார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அதற்குச் சில வாரங்களின் பின்னர் அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பைப் படித்தோம். ஜனாதிபதி வேட்பாளருக்குரிய தகைமைகளை ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். முப்பத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும், பிறப்பால் அந்நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும், பதினான்கு வருடங்கள் அங்கு வசித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். சிறையில் இருப்பவரும் போட்டியிடலாமா டீச்சர் என்று பின்வரிசையிலிருந்து ஒரு தோழி கேட்க, வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. அப்படி ஒருவர் உண்மையிலேயே போட்டியிட்டார், அவர் யாரென்று தேடிக்கொண்டு வாருங்கள் என்றார்.

நான் தேடினேன். கிடைத்த பெயர் யூஜின் விக்டர் டெப்ஸ். ஐந்து முறை அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஐந்து முறையும் தோற்றவர். வாப்பாவின் கணக்குப்படி பார்த்தால், அவருக்கு விழுந்த இலட்சக்கணக்கான வாக்குகளும் தண்ணீரில் எழுதிய எழுத்துத்தான். அந்தக் கணக்குச் சரியா என்று பார்ப்பதற்காகவே அவருடைய வாழ்க்கையை வாசிக்கத் தொடங்கினேன்.

கடைக்காரரின் மகன்

டெப்ஸ் 1855 நவம்பர் 5 ஆம் திகதி, அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள இந்தியானா மாநிலத்தில், டெரே ஹோட் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பிரான்சின் அல்சாஸ் பிரதேசத்திலுள்ள கொல்மாரிலிருந்து குடியேறியவர்கள். டெரே ஹோட்டில் பலசரக்குக் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார்கள். தந்தை நல்ல வாசகர். மகனுக்குப் பெயர் வைக்கும்போது யூஜின் சூ, விக்டர் ஹியூகோ என்ற இரண்டு பிரெஞ்சு எழுத்தாளர்களின் பெயர்களைச் சேர்த்து வைத்தார். இருவருமே ஏழைகளின் துயரங்களை நாவல்களாக எழுதியவர்கள். பெயர் வைத்த நேரம் நல்ல நேரம் என்று உம்மும்மா சொல்வாரே, டெப்ஸின் விடயத்தில் அது பொய்க்கவில்லை.

பதினான்கு வயதில் டெப்ஸ் பாடசாலையை விட்டு வேலைக்குப் போனார். புகையிரத வேலைத்தளத்தில் என்ஜின்களில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுப்பதுதான் வேலை. நாளொன்றுக்கு 50 சதம் கூலி. பின்னர் ஓடும் என்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுபவரானார். இதை நான் வீட்டில் சொன்னபோது உம்மும்மாவுக்குக் கரிக்கோச்சியின் ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில் அதில் பயணம் போய் இறங்கினால் வெள்ளை உடுப்பெல்லாம் கரும்புள்ளியாக இருக்குமாம். பெட்டியில் இருந்தவருக்கே அப்படியென்றால், நெருப்புக்கு முன்னால் நின்று கரி அள்ளியவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்தக் காலத்தில் அமெரிக்கப் புகையிரதங்களில் பெட்டிகளைக் கொழுவுவதும் தடை போடுவதும் பெரும்பாலும் கையால் செய்யும் வேலைகள். விரலை இழந்தவர்களும் காலை இழந்தவர்களும் ஏராளம். டெப்ஸின் நண்பர் ஒருவரும் சில்லுக்குள் அகப்பட்டு இறந்துபோனார். தாய் பயந்துபோய் வேலையை விடச் சொன்னார். மகனும் கேட்டார். மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கெழுதும் வேலைக்குப் போனார்.

ஆனாலும் மனம் தண்டவாளத்தை விட்டு வரவில்லை. 1875 இல் கரி போடும் தொழிலாளர் சங்கத்தின் கிளை ஒன்று டெரே ஹோட்டில் தொடங்கப்பட்டபோது, அந்த வேலையில் இல்லாதிருந்தும் டெப்ஸ் அதில் சேர்ந்து செயலாளரானார். எங்கள் ஊர்களிலுள்ள மரணாதார சங்கங்களைப் போல, இறந்தவரின் குடும்பத்துக்கும் காயப்பட்டவருக்கும் பணம் சேர்த்துக் கொடுப்பதே அந்தச் சங்கத்தின் முக்கிய வேலையாக இருந்தது. பகலில் கடைக் கணக்கு, இரவில் சங்கக் கணக்கு என்று உழைத்தார். 1880 இல் முழுச் சங்கத்துக்கும் செயலாளராகவும் அதன் சஞ்சிகைக்கு ஆசிரியராகவும் ஆனார்.

சொந்த ஊரில் அவருக்கு நல்ல பெயர். 1879 இல் நகரத்தின் எழுதுவினைஞராக, அதாவது நகர நிர்வாகப் பதிவுகளுக்குப் பொறுப்பானவராக, மக்களால் தெரிவு செய்யப்பட்டார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய சூசன் அந்தனி அம்மையாரைத் தன் ஊரில் பேச அழைத்துவந்தவர்களில் அவரும் ஒருவர். வீதியில் அம்மையாருடன் நடந்து போகும்போது ஊரார் கேலி செய்தார்கள். டெப்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தச் செய்தியை வாசித்தபோது, அந்த வீதியில் நானும் பின்னால் நடந்து போனது போல இருந்தது.

1884 இல் இந்தியானா மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானார். புகையிரத வேலையில் காயப்படுவோருக்குக் கம்பனிகள் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. ஒரு தவணையோடு மறுபடி நிற்காமல் விட்டுவிட்டார். 1885 இல் கேற் மெட்சல் என்ற பெண்ணை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

சிக்காகோவில் கிடைத்த பாடம்

அக்காலத்தில் புகையிரதத் தொழிலாளருக்குள் பல சங்கங்கள் இருந்தன. என்ஜின் சாரதிகளுக்கு ஒன்று, கரி போடுபவர்களுக்கு ஒன்று, நடத்துநர்களுக்கு ஒன்று, தடை போடுபவர்களுக்கு ஒன்று. ஒரு சங்கம் வேலைநிறுத்தம் செய்தால் மற்றச் சங்கங்கள் வழமைபோல வேலை செய்யும். கம்பனிக்கு அதுவே வசதி. இதைப் பல வருடங்கள் கண்ட டெப்ஸ், தண்டவாளம் கூட்டுபவர் முதல் என்ஜின் ஓட்டுபவர் வரை எல்லோரும் ஒரே சங்கத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். சம்பளம் கிடைத்துக்கொண்டிருந்த பழைய பதவியை விட்டு, 1893 இல் சிக்காகோ நகரில் அமெரிக்கப் புகையிரதச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே கிரேட் நோர்தேர்ன் என்ற பெரிய கம்பனிக்கு எதிராகப் பதினெட்டு நாள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். சங்கத்தில் ஆட்கள் வெள்ளம்போலச் சேர்ந்தார்கள்.

அடுத்து வந்தது புல்மன் பிரச்சினை. ஜோர்ஜ் புல்மன் என்ற முதலாளி, பயணிகள் படுத்துறங்கும் சொகுசுப் பெட்டிகளைத் தயாரித்தவர். சிக்காகோவுக்குத் தெற்கே தன் பெயரிலேயே ஒரு நகரத்தைக் கட்டினார். அங்கே வீடும் அவருடையது, கடையும் அவருடையது, தேவாலயக் கட்டிடமும் நூலகமும்கூட அவருடையவை. 1893 இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்ததும் தொழிலாளரின் சம்பளத்தை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைத்தார். வீட்டு வாடகையை ஒரு சதமும் குறைக்கவில்லை. வாடகை போக மிஞ்சும் காசில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க முடியாத நிலை வந்தது. 1894 மே 11 ஆம் திகதி தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறி, டெப்ஸின் சங்கத்திடம் உதவி கேட்டார்கள்.

டெப்ஸ் தயங்கினார். ஒரு வயதுக் குழந்தையான தன் சங்கத்தால் இவ்வளவு பெரிய சண்டையைத் தாங்க முடியுமா என்று யோசித்தார். ஆனால் சிக்காகோவில் கூடிய சங்கப் பிரதிநிதிகள் புல்மன் தொழிலாளரின் நிலையைக் கேட்டபின் சும்மா இருக்கத் தயாராக இல்லை. புல்மன் பெட்டி இணைக்கப்பட்ட எந்தப் புகையிரதத்திலும் வேலை செய்வதில்லை என்று தீர்மானித்தார்கள். ஜூன் 26 ஆம் திகதி பகிஷ்கரிப்பு தொடங்கியது. சில நாட்களில் சிக்காகோவிலிருந்து மேற்கே போகும் புகையிரதப் பாதைகள் பெரும்பாலும் முடங்கின.

இந்த இடத்தில் நான் ஒரு விடயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அதே மாநாட்டில் இன்னொரு வாக்கெடுப்பும் நடந்தது. கறுப்பினத் தொழிலாளர்களையும் சங்கத்தில் சேர்ப்பதா என்பதே கேள்வி. சேர்க்க வேண்டும் என்று டெப்ஸ் பேசினார். ஆனால் 112 வாக்குகளுக்கு எதிராக 100 வாக்குகள் என்ற கணக்கில் அவருடைய பக்கம் தோற்றது. வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதி அப்படியே இருந்தது. புல்மன் பெட்டிகளில் பயணிகளுக்குப் பணிவிடை செய்தவர்கள் யார் தெரியுமா? கறுப்பினத்தவர்கள்தான். எல்லோருக்கும் ஒரே சங்கம் என்று சொல்லித் தொடங்கிய சங்கம், அந்தக் கம்பனியின் அந்தத் தொழிலாளருக்கே கதவைச் சாத்தியது. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே இருப்பவர்களின் போராட்டத்துக்கு ஏன் துணை வரவேண்டும்?

பன்னிரண்டு வாக்குகள்தான் வித்தியாசம். ஏழு பேர் மாறி வாக்களித்திருந்தால் கதவு திறந்திருக்கும். இதை வாசித்த அன்று, ஒரு வாக்கு என்னத்தைச் செய்யும் என்று இனி யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலைநிறுத்தத்தை உடைப்பதற்கு அரசாங்கமே இறங்கியது. அப்போதைய சட்டமா அதிபர் ரிச்சர்ட் ஓல்னி, முன்னர் புகையிரதக் கம்பனிகளின் சட்டத்தரணியாக இருந்தவர். தபால் போக்குவரத்துத் தடைப்படுகிறது என்ற காரணத்தைக் காட்டி நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றார். சங்கத் தலைவர்கள் தொழிலாளருக்குத் தந்தி அடிப்பதுகூடக் குற்றமாயிற்று. மாநில ஆளுநரின் ஆட்சேபத்தையும் மீறி ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்ட் சிக்காகோவுக்கு இராணுவத்தை அனுப்பினார். கலவரம் மூண்டது, பெட்டிகள் எரிந்தன, உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் முறிந்தது. சங்கமும் முறிந்தது. டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை.

சிக்காகோவுக்கு வடமேற்கேயுள்ள வூட்ஸ்டொக் என்ற சிற்றூர்ச் சிறையில் 1895 இல் அந்தத் தண்டனையைக் கழித்தார். அங்கே நிறைய வாசித்தார். முதலாளிமாரோடு மட்டும் மோதிப் பயனில்லை, சட்டத்தை ஆக்குகிற இடத்தையும் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில்தான் அவருக்குள் முளைவிட்டது. 1897 இல் தன்னை ஒரு சோசலிசவாதி என்று பகிரங்கமாக அறிவித்தார்.

தோல்விகளின் கணக்கு

1900 ஆம் ஆண்டு முதன்முறையாக ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். கிடைத்தவை ஏறக்குறைய 88,000 வாக்குகள். 1904 இல் அது நான்கு இலட்சத்தைத் தாண்டியது. 1908 இல் ஒரு புகையிரதத்தையே வாடகைக்கு எடுத்து, அதற்குச் சிவப்பு விசேட புகையிரதம் என்று பெயரிட்டு, நாடு முழுவதும் போய்ப் பேசினார். ஒரு காலத்தில் என்ஜினுக்குக் கரி போட்டவர் இப்போது புகையிரதத்தில் வேட்பாளராகப் போனார். ஆயினும் அந்த முறை வாக்குகள் பெரிதாகக் கூடவில்லை. 1912 இல் ஒன்பது இலட்சத்துக்கும் மேல் கிடைத்தது. அது மொத்த வாக்குகளில் நூற்றுக்கு ஆறு.

அவருக்கு வெல்ல முடியும் என்ற நம்பிக்கை இருந்ததா? இருந்ததாகத் தெரியவில்லை. தேர்தல் மேடையை அவர் ஒரு வகுப்பறையாகப் பாவித்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், சிறுவர்களைத் தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் அனுப்பக்கூடாது, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும், வேலையில்லாதவருக்கும் முதியவருக்கும் அரசாங்கம் கைகொடுக்க வேண்டும் என்பவை அவரும் அவருடைய கட்சியும் ஊர் ஊராகச் சொன்ன விடயங்கள். அன்று பலர் அவற்றைப் பைத்தியக்காரக் கதை என்றே நினைத்தார்கள்.

சிறைக்கு உள்ளே ஒரு வேட்பாளர்

1917 இல் அமெரிக்கா முதலாம் உலக யுத்தத்தில் இறங்கியது. யுத்தத்துக்கு எதிராகப் பேசுவோரைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. டெப்ஸின் தோழர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். அவருக்கு அப்போது வயது அறுபதுக்கு மேல், உடம்பும் சரியில்லை. பேசாமல் வீட்டில் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1918 ஜூன் 16 ஆம் திகதி ஒஹையோ மாநிலத்தின் கன்டன் நகருக்குப் போனார். அங்கே சிறையிலிருந்த மூன்று தோழர்களை முதலில் பார்த்தார். பிறகு அருகிலிருந்த பூங்காவில் கூடியிருந்த மக்களிடம் பேசினார். யுத்தத்தை அறிவிப்பவர்கள் ஒரு வர்க்கத்தார், அதில் போய்ச் சாகிறவர்கள் வேறொரு வர்க்கத்தார் என்பதே அவர் சொன்னதன் சாரம். அரசாங்க ஆட்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வாரங்களில் கைது செய்யப்பட்டார்.

வழக்கு செப்டெம்பரில் கிளீவ்லண்ட் நகரில் நடந்தது. டெப்ஸ் தன் பக்கத்தில் ஒரு சாட்சியையும் அழைக்கவில்லை. தான் பேசியதை மறுக்கவும் இல்லை. ஜூரிகளுக்கு முன்னால் தானே எழுந்து நின்று, பேசியது உண்மை, பேசும் உரிமை எனக்கு உண்டு என்ற கருத்தில் வாதாடினார். பத்து வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1919 மார்ச் மாதம் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகமனதாக அதை உறுதிப்படுத்தியது. யுத்தம் அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் ஏப்ரல் மாதத்தில் டெப்ஸ் சிறைக்குப் போனார். முதலில் மவுண்ட்ஸ்வில் சிறை, பிறகு அட்லாண்டா சிறை. அட்லாண்டாவில் அவருக்குக் கொடுக்கப்பட்ட இலக்கம் 9653.

1920 தேர்தலில் அவருடைய கட்சி மீண்டும் அவரையே வேட்பாளராக்கியது. கட்சியின் பிரதிநிதிகள் சிறைக்குப் போய் அந்தச் செய்தியை அவரிடம் சொன்னார்கள். கூட்டம் வைக்க முடியாது, ஊர்வலம் போக முடியாது. வாரத்துக்கு ஒரு முறை பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை கொடுக்க மட்டும் அனுமதி. ஆதரவாளர்கள் அவருடைய கைதி இலக்கத்தைப் பொறித்த சின்னங்களைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். அவமானத்துக்காகக் கொடுக்கப்பட்ட இலக்கம் தேர்தல் சின்னமானது.

முடிவு என்ன? மீண்டும் தோல்வி. ஆனால் ஒன்பது இலட்சத்துப் பதினாலாயிரம் பேர் அளவில் ஒரு கைதிக்கு வாக்களித்திருந்தார்கள். சரியாகச் சொன்னால், அது நூற்றுக்கு மூன்றரையும் வராது. அந்தத் தேர்தலில்தான் அமெரிக்கா முழுவதும் பெண்கள் முதன்முறையாக ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்தார்கள். அதனால் மொத்த வாக்குகள் பெருகின, அவருடைய பங்கு சிறுத்தது. இளமையில் பெண்ணுரிமைக்காகக் கேலி பட்டவருக்கு அந்தச் சிறுத்த கணக்கு கவலையாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் நாட்டில் எங்கள் பாட்டிமாரின் தாய்மாருக்கு அந்த உரிமை 1931 இல் கிடைத்தது.

ஜனாதிபதி வூட்ரோ வில்சன் அவரை விடுதலை செய்ய மறுத்துவிட்டார். அந்தத் தேர்தலில் வென்று வந்த வொரன் ஹார்டிங், தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட கைதியின் தண்டனையைக் குறைத்து 1921 டிசம்பர் 25 ஆம் திகதி விடுதலை செய்தார். டெப்ஸ் சிறை வாசலைத் தாண்டியதும் உள்ளேயிருந்த இரண்டாயிரத்துக்கும் அதிகமான கைதிகள் ஒரே குரலில் ஆரவாரம் செய்தார்கள். அவர் திரும்பி, தொப்பியை உயர்த்திக் காட்டியபடி அழுதார். சிறையிலிருந்து போகும்போது கையில் கொடுத்த ஐந்து டொலரையும், மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த சாக்கோ, வன்செற்றி என்ற இரண்டு தொழிலாளரின் வழக்குச் செலவுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் வெள்ளை மாளிகைக்குப் போய் ஹார்டிங்கைச் சந்தித்தார். வென்றவரும் தோற்றவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

தண்டனை குறைக்கப்பட்டதே தவிர மன்னிப்பு வழங்கப்படவில்லை. ஆகவே அவர் இழந்த பிரஜா உரிமைகள் அவர் உயிரோடு இருக்கும்வரை திரும்பக் கிடைக்கவில்லை. ஒன்பது இலட்சம் பேரின் வாக்கைப் பெற்றவருக்கு, தன் கையால் போடுவதற்கு ஒரு வாக்கு இருக்கவில்லை.

எல்ம்ஹர்ஸ்ட்

சிறை அவருடைய உடம்பை உருக்கிவிட்டது. இதயமும் பலவீனமானது. சிக்காகோவுக்கு மேற்கே எல்ம்ஹர்ஸ்ட் என்ற புறநகர் இருக்கிறது. அங்கேயிருந்த ஆரோக்கிய நிலையம் ஒன்றில் சிகிச்சைக்காகச் சேர்ந்தார். 1926 ஒக்டோபர் 20 ஆம் திகதி அங்கேயே காலமானார். வயது எழுபது. சங்கத்தைத் தொடங்கிய இடமும், அது உடைந்த இடமும், மூச்சு நின்ற இடமும் ஒரே பெருநகரைச் சுற்றியே அமைந்துவிட்டன. உடல் தகனம் செய்யப்பட்டு, அஸ்தி டெரே ஹோட்டில் அடக்கம் செய்யப்பட்டது. அவரும் கேற்றும் வாழ்ந்த வீடு இன்று நூதனசாலையாக இருக்கிறது.

அவர் இறந்து ஒன்பது வருடங்களில், 1935 இல், முதியவருக்கும் வேலையற்றவருக்கும் உதவும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. 1938 இல் வேலை நேரத்துக்கு வரம்பு வைக்கவும் சிறுவர் உழைப்பைத் தடுக்கவும் சட்டம் வந்தது. அவற்றைக் கொண்டுவந்தவர்கள் அவருடைய கட்சியினர் அல்லர், தேர்தலில் வென்ற வேறு கட்சியினர். சிக்காகோவில் வெளியே நிறுத்தப்பட்ட புல்மன் பெட்டிப் பணியாளர்களும் 1925 இல் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். அதற்குத் தலைமை தாங்கிய பிலிப் ராண்டொல்ப்பும் டெப்ஸின் கட்சியில் வளர்ந்தவரே. அந்தப் பன்னிரண்டு வாக்குகளின் பிழையைத் திருத்த முப்பது வருடங்களுக்கு மேல் எடுத்தது.

இதையெல்லாம் ஓர் இரவு வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா முழுவதையும் கேட்டார். பிறகு, பெரிய கூட்டத்தில் உள்ளவர்களுக்குத் தோற்பவரை ஆதரிப்பது இலேசு மகள், எண்ணிக்கையில் சிறிய நாங்கள் வென்றவரின் வாசலில்தான் நாளைக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்றார். வாப்பாவின் அந்தக் கதையிலும் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நூறு பேரை நினைத்துப் பாருங்கள் என்று சொன்னேன். அவர்கள் தோற்றார்கள். ஆனாலும் கதவுக்கு வெளியே நின்றவருக்காக உள்ளே நூறு பேர் கையுயர்த்தினார்கள் என்று இன்றைக்கும் எழுதப்பட்டிருக்கிறது. சிறியவர்களான எங்களுக்காக நாளைக்கு யாராவது கையுயர்த்த வேண்டுமென்றால், அவர்கள் வெல்கிற பக்கத்தை மட்டும் பார்க்கிறவர்களாக இருக்கக்கூடாது அல்லவா என்று கேட்டேன். வாப்பா பதில் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். நாநா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

யாருக்கு வாக்களிப்பேன் என்று எனக்கு இப்போது தெரியாது. வெல்வாரா என்று பார்ப்பதற்கு முன்னால், இவர் சொல்வது சரியா என்று பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். அடுத்த படிவம் வரும்போது என் பெயரை நானே எழுதுகிறேன் என்று வாப்பாவிடம் கேட்டிருக்கிறேன். சரி என்று சொல்லியிருக்கிறார்.

க.பொ.த. உயர்தரம், கலைப்பிரிவு